சுணை இலை

2025 மே 26, திங்கள்

பம்ப் மறுபடியும் இழுக்கவில்லை. வால்வுக்குள் தவளை. பிடித்து வெளியே எறிந்துவிட்டுத் தண்ணீர் விட்டேன். ஒரு காலை நேரம் முழுவதும் இதற்கே போனது. விவசாய டிப்ளோமா படித்தது தவளை பிடிக்கத்தானா?

ஆனால் பருத்தி நன்றாக நிற்கிறது. அதையும் எழுத வேண்டும். நெல்வயல் வட்டைக்கு மேலே, வாடிக் குடிசைக்குப் பக்கத்தில் உள்ள மேட்டுத் துண்டில் ஐந்து இனங்களை வரிசைவரிசையாக நட்டிருக்கிறேன். பதிவான ஆண்டுதான் ஒவ்வொன்றுக்கும் பெயர்: ஐம்பத்திரண்டு, அறுபத்தெட்டு, எழுபத்தொன்பது, தொண்ணூற்றுமூன்று. அதற்குப் பிறகு நம்ம புதுசு. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். எழுபது வருடமாகப் பருத்தியை மனிதன் எப்படி மாற்றிக்கொண்டு வந்தான் என்பதை இங்கே நடந்துகொண்டே பார்க்கலாம். ஒரு முனையில் நெஞ்சு உயரத்துக்கு வளரப்போகிற முரட்டுச் செடி, மறு முனையில் இடுப்புக்கு மேல் போகாத அடக்கமான செடி. படி இறங்குவது மாதிரி.

முடிவு எனக்கு இப்போதே தெரியும். புதுசு எல்லாவற்றையும் அடிக்கும். போன வருடம் அதன் விதையை இதே விவசாய நிலையத்தில் பெருக்கியவன் நான். பதினெட்டு மூட்டை. நிலையத்தில் எலி என்பதால் மாமனாரின் நெல் ஸ்டோரில் அடுக்கியிருக்கிறோம். மாரி மழைப் போகத்துக்கு மாமாவின் விவசாயச் சங்கத்து ஆட்கள் அதைத்தான் விதைக்கப்போகிறார்கள். படைப்புழு தின்று தீர்த்த சோளனை விட்டுவிட்டு, என் பேச்சை நம்பி. சரியாகச் சொன்னால் மாமாவின் பேச்சை நம்பி. மாமா நம்பியது என்னை.

இந்தப் போகம் சரியாக முடிந்தால் நிரந்தர நியமனத்துக்கு என் பெயரை அனுப்புவதாக நிலையப் பொறுப்பாளர் நல்லரெத்தினம் சேர் சொல்லியிருக்கிறார்.

மே 29, வியாழன்

தத்தி மறுபடி வந்துவிட்டது. இலைக்கு அடியில் இருந்து சாறு உறிஞ்சும் பச்சைப் பூச்சி. புதுசின் இலை ஓரங்கள் மஞ்சளாகி உள்ளே சுருள்கின்றன. மருந்து அடித்தேன்.

ஐம்பத்திரண்டில் ஒன்றும் இல்லை. இலையின் அடிப்பக்கம் முழுக்கச் சுணை. தடவினால் கம்பளி மாதிரி. தத்தியால் அதில் முட்டையிட முடியாது. அறுபத்தெட்டில் சுணை பாதி. எழுபத்தொன்பதில் இருந்து வழுவழு. காரணம் இருக்கிறது: சுணை இலை காய்ந்து நொறுங்கினால் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும், எடுக்க வராது, ஆலைக்காரன் குறை சொல்வான். ஆகவே வழுவழு இலையாகப் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தார்கள். காய் பெரிதாக வேண்டும், இழை நீளமாக வேண்டும், எல்லாக் காயும் ஒன்றாக வெடிக்க வேண்டும். எல்லாம் கிடைத்தது. சுணை போனது.

போனால் என்ன, அதற்குத்தான் மருந்து இருக்கிறதே என்று இதுவரை நினைத்திருந்தேன். இது இந்தப் போகத்தின் இரண்டாவது மருந்தடி. போன வருடம் ஒன்றோடு அடங்கியது.

ஜூன் 4, புதன்

நாளையிலிருந்து பெருநாள் லீவு. வயலைச் செல்லத்தங்கம் அக்காவிடம் ஒப்படைத்தேன். ஆலையடிவேம்பில் இருந்து வரும் பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. இவ்வளவு காலமும் விதைநெல் வயல்களில் வேலை செய்தவர்கள். பருத்திக்கு இது முதல் போகம். "களை எடுங்க, வேற ஒண்டும் வேணாம்" என்றேன். "நீங்க போங்க மனே, வந்து பார்த்தா உங்கட வயல் எண்டே தெரியாது" என்றார்.

ஐம்பத்திரண்டைத் தனியாகக் காட்டி ஏதாவது சொல்லியிருக்கலாம். அதன் விதை என் கையில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. போன வருடம் சேர் தன் வீட்டு வளவில் நின்று பட்டுப்போன செடியின் விதையைக் கொஞ்சம் தந்தார். பெருக்கிப் பார்த்தேன். அது பிந்தி வெடிக்கும் இனம், மழை முந்திக்கொண்டது, காய்கள் செடியிலேயே அழுகின. உள்ளங்கை அளவுதான் தேறியது. மூன்று இடத்தில் நட்டால்தான் கணக்கு நிற்கும் என்று அவ்வளவையும் நட்டுவிட்டேன்.

சரி. களைதானே எடுக்கப்போகிறார்கள்.

ஜூன் 7, சனி

பெருநாள். தொழுகை, குர்பான், மூன்று வீட்டுச் சாப்பாடு. மாமா பள்ளிவாசலில் ஆளுக்காள் பிடித்து, "இதுதான் எங்கட பருத்தி மருமகன்" என்று அறிமுகப்படுத்தினார். கூச்சமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

எழுதியாவது பார்ப்போம்.

என் மனைவி அப்னா கட்டித்தந்த பெருநாள் இனிப்பு வட்டிலப்பத்தோடு வயலுக்குப் போனேன், பெண்களுக்குக் கொடுக்க. பைக்கை நிறுத்தும்போதே ஏதோ பிழை என்று தெரிந்தது. மேட்டுத் துண்டு தட்டையாகக் கிடந்தது. படி இல்லை. ஒரே மட்டம்.

செல்லத்தங்கம் அக்கா வாடிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடி மனே வேல? கலப்புச் செடி ஒண்டு இல்லாம எடுத்திரிக்கம். இப்ப மேல ஒரு பலகையப் போட்டாலும் ஆடாம நிக்கும்."

முதல் துண்டுக்கு ஓடினேன். ஐம்பத்திரண்டு இல்லை. இரண்டாம் துண்டு. இல்லை. மூன்றாவதில் வெறும் மண், அதையும் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார்கள். அறுபத்தெட்டில் பெரும்பாலானது போய்விட்டது. பெயர் எழுதிய தடிகளைக்கூடப் பிடுங்கி, மழையில் இற்றுப்போகாமல் கட்டி வாடிக்குள் சாத்தியிருந்தார்கள்.

"ஆரு உங்களப் புடுங்கச் சொன்ன?"

"ஆரு சொல்லணும்? விதைநெல் வயலுல ஆரக் கேட்டுக் கலப்புப் புடுங்கிற? நெட்டை ஒண்டு தலைய நீட்டினாலும் ஒபிஸர் வயலையே தள்ளிப்போட்டுப் போயிருவாரு. நீங்க இல்லாத நேரத்துல ஆரும் வந்து பார்த்தா உங்களுக்குத்தானே வெக்கம். இதுக்குக் கூலி வேணாம் மனே. பெருநாளுக்கு எங்கட பரிசு."

பரிசு!

கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுவதும் நினைவில்லை. "அது கலப்பில்ல, அதுதான் வேலையே" என்று தொடங்கி, மாடு என்றும் சொன்னேன், மூளை இருக்கிறதா என்றும் கேட்டேன். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக எழும்பி வாடிக்குப் பின்னால் போனார்கள். செல்லத்தங்கம் அக்கா மட்டும் நின்றார்.

"ஏசுங்க. நெல்லெண்டா இதே வேலைக்கு மாலை போட்டிருப்பீங்க."

வட்டிலப்பத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

எப்படி? எப்படி ஒரு மனிதருக்கும் சந்தேகம் வராமல் இருந்தது? வெவ்வேறு பெயர் எழுதிய தடி நட்டிருக்கிறதே! பெயர் வேறென்றால் செடியும் வேறாகத்தானே இருக்கும்! எழுபது வருடத்தை நான்கு நாளில் மட்டம் தட்டிவிட்டார்கள்.

ஜூன் 11, புதன்

நல்லரெத்தினம் சேருக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். அவர், "தலைமை நிலையத்துக் குளிர் அறையில ஐம்பத்திரண்டு மிச்சம் இருக்க வேணும். முளைக்குதோ எண்டு பார்க்கச் சொல்லுறன்" என்றார். கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆத்திரம் போகவில்லை. சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்னா கேட்டாள்: "உங்கட வயல அவங்க நெல் வயலெண்டு நினைச்சிட்டாங்க. அதுதானே பிழை?"

"அதுதான். பருத்திய நெல்லெண்டு நினைச்சது."

ஜூன் 12, வியாழன்

இன்று நான் எழுதுவதை யாரும் படிக்கக் கூடாது.

சேதத்தைக் கணக்கெடுக்கப் போனேன். எந்தத் துண்டில் எத்தனை நிற்கிறது என்று வரைந்துகொண்டு வந்தவன் புதுசின் துண்டில் நின்றுவிட்டேன். அங்கும் குழிகள். அன்றைக்கே பார்த்தவைதான். பார்த்தேன், மனதில் ஏறவில்லை.

நெட்டையைத்தான் பிடுங்கினோம் என்றார்கள். சரி. பழைய இனம் நெட்டை, போனது. ஆனால் புதுசு எல்லாம் ஒரே உயரமாயிற்றே. அதில் பிடுங்குவதற்கு என்ன இருந்தது?

விதைநெல் வயலில் பிடுங்கியதை அந்தந்தத் துண்டின் தலைமாட்டிலேயே குவித்து வைப்பார்கள், ஒபிஸருக்குக் காட்ட. இங்கும் அப்படியே. புதுசின் குவியலைக் கிளறினேன். வாடிய செடிகள். தண்டு நீளம், கணுவுக்குக் கணு இடைவெளி. ஒரு இலையைப் புரட்டிப் பெருவிரலால் தடவினேன்.

சுணை.

இன்னொன்று. சுணை. குவியல் முழுக்கத் தடவினேன். பைத்தியக்காரன் மாதிரி உட்கார்ந்து ஒவ்வொரு இலையாக. ஐம்பத்திரண்டின் அளவு அடர்த்தி இல்லை, ஆனால் புதுசில் இருக்கவே கூடாத சுணை. குழிகளை எண்ணினேன். பத்துக்கு ஒன்று.

எங்கிருந்து வந்தது என்று யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை. போன வருடம் ஒரு பக்கத்தில் புதுசைப் பெருக்கினேன், பக்கத்துத் துண்டில் ஐம்பத்திரண்டை. நடுவில் ஒரு வரம்பு. ஒரே ஒரு வரம்பு! நெல்லுக்கு அது போதும். நெற்பூ திறப்பதற்குள் தன் வேலையைத் தானே முடித்துவிடும். இரண்டு இனம் தோளோடு தோள் நின்றாலும் கலப்பது அரிது. நான் பயிற்சி எடுத்தது முழுக்க நெற்பண்ணையில். பருத்திப்பூ அப்படியா? வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். தேனீ இங்கே புகுந்து அங்கே போகும். இதைப் புத்தகத்தில் படித்தவன் நான். பரீட்சையில் எழுதியவன். வயலில் இறங்கியதும் கால் தன் பாட்டுக்கு நெல்லின் இடைவெளியை அளந்து வரம்பைப் போட்டிருக்கிறது.

இங்கே நட்டதும் அதே விதைதான்; மிச்சம் மாமாவின் ஸ்டோரில் பதினெட்டு மூட்டை.

பருத்தியை நெல்லென்று நினைத்தது யார்?

ஜூன் 13, வெள்ளி

யாரிடமும் சொல்லவில்லை. ஜும்ஆவில் மாமாவுக்குப் பக்கத்தில் நின்று தொழுதேன். குத்பாப் பிரசங்கம் என்ன என்று கேட்டால் தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

ஒருவேளை ஒரு மூட்டையில் மட்டும் கலந்திருக்கலாம். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்துத் தட்டுகளில் விதைத்து வீட்டின் பின்பக்கம் வைத்தேன். நாலு இலை வந்தால் சுணை தெரிந்துவிடும். மாமி என்ன என்று கேட்டார். முளைப்பரிசோதனை என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

பதினெட்டுத் தட்டிலும் இருக்கிறது. ஒவ்வொன்றிலும்.

அப்னாவிடம் சொன்னேன். அவள் ஒரு இலையைத் தானே தடவிப் பார்த்தாள். "செல்லத்தங்கம் அக்காவுக்கு ஏசின ஏச்ச இப்ப ஆருக்கு ஏசுற?" என்றாள். எழும்பிப் போய்விட்டேன். பெண்வீட்டில் குடியிருப்பவன் எங்கே எழும்பிப் போவது? பின்வளவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

ஜூலை 7, திங்கள்

மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

தேத்தண்ணியோடு ஸ்டோர் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். சங்கத்துப் பெயர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார், யாருக்கு எத்தனை மூட்டை என்று. நான் சுற்றி வளைக்கத் தெரியாதவன். "மாமா, விதை கலப்பு. குடுக்க ஏலாது" என்றேன்.

முதலில் சிரித்தார். அந்தப் பெண்கள் செய்த வேலையைச் சொல்கிறேன் என்று நினைத்தார். முழுவதையும் சொன்னேன். வரம்பு, தேனீ, சுணை எல்லாம்.

"பத்துக்கு ஒண்டுதானே மருமகன். நெல்லுல பத்துக்கு ஒண்டு கலப்பில்லாத ஆளு இந்த ஊருல ஆரு? குடுத்தா ஆருக்குத் தெரியப்போகுது?"

"கலப்புச் செடி பிந்தி வெடிக்கும் மாமா. மழைக்குள்ள மாட்டும். இழையும் ஒரே நீளமா வராது. வாங்கிறவன் முழுப் பஞ்சையும் தள்ளிருவான். அடுத்த முறை அதுலயே விதை எடுத்தா ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும்."

"உங்கட ஒபிஸுக்குத் தெரியுமா?"

"இன்னம் இல்ல."

"அப்ப ஒருத்தருக்கும் தெரியாது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டோருக்குள் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா பக்கீர் முகைதீன் என்றால் இந்தப் பக்கத்து வட்டைகளில் வாய்ச்சொல் போதும் என்பார்கள். அந்த வாய்ச்சொல்லை எடுத்து நான் மண்ணில் போட்டிருக்கிறேன்.

"சோளன் விதைக்குச் சொல்லி வைக்காம இரிக்காங்க எல்லாரும்," என்றார். "நான் சொன்னதால."

"இப்ப சொன்னா இன்னம் நேரம் இரிக்கு மாமா. மாரிக்கு ரெண்டு மாசத்துக்கு மேல கிடக்கு."

தேத்தண்ணி ஆறிவிட்டது. அதை நிலத்தில் ஊற்றினார். "சொல்லுற ஆளு நீங்க இல்ல. நான்தான். என்ட வாயால சொன்னத என்ட வாயாலதான் திருப்பி எடுக்கணும்." சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். நானும் வருகிறேன் என்றேன். "வேணாம்."

பொழுது பட்டுத்தான் திரும்பினார். யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லவில்லை. மாமி கேட்டதற்கு, "சோறு போடு" என்றார்.

பிறகு சேருக்கும் சொன்னேன்.

ஜூலை 15, செவ்வாய்

சேர் ஜீப்பில் வந்து, வயலைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"முஸ்தாக், நீர் சொல்லாம விட்டிருந்தா நான் கையெழுத்துப் போட்டு விதைய விட்டிருப்பன்." இது நன்றியா, குத்தலா? "இந்த முறை உம்மட பேர நியமன நேர்முகத்துக்கு அனுப்ப ஏலாது. விளங்குதுதானே?"

விளங்குகிறது. சொன்னேன்.

"மூட்டைகள எரிச்சிப்போட்டு அறிக்கை தாரும்."

ஐம்பத்திரண்டு என்னவாயிற்று என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். குளிர் அறையில் இருந்த விதையை ஈரத்துணியில் வைத்துப் பார்த்தார்களாம். ஒன்றும் முளைக்கவில்லை. நாடு முழுக்கக் கரண்ட் இல்லாத அந்த நெருக்கடி வருடத்தில் குளிர் அறை வெறும் அறையாகக் கிடந்திருக்கிறது. யாருமே திறந்து பார்க்கவில்லை. மூன்று வருடமாகச் செத்த விதைக்குப் பெயரும் இலக்கமும் எழுதி அடுக்கி வைத்திருந்திருக்கிறார்கள்.

"அப்ப வேற எங்கயும்…?"

"நான் அறிய இல்ல."

என் உள்ளங்கையில் இருந்ததுதான் கடைசி. அதைத்தான் பிடுங்கி, கூட்டி, குவித்து… அந்தக் குவியலை மாமியின் ஆடுகளுக்கு நானே அள்ளிப் போட்டேன். போன கிழமை. வயல் சுத்தமாக இருக்கட்டும் என்று.

ஜூலை 16, புதன்

ஸ்டோரைத் திறந்தேன். எரிக்க.

முதல் மூட்டையை வாசலுக்கு இழுத்து வந்து கட்டை அவிழ்த்தேன். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதற்குள் பத்துக்கு ஒன்று யாருடைய பிள்ளை? தாய் புதுசு. தகப்பன் ஐம்பத்திரண்டு. அந்தச் சுணை, பாதியாகவேனும், வேறு எங்கே இருக்கிறது? குளிர் அறையில் இல்லை. வயலில் இல்லை. நான் நெருப்பு வைக்க வந்த மூட்டைக்குள் இருக்கிறது.

யா அல்லாஹ்.

என் பிழைதான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று எழுதப் பார்த்தேன். வெட்டிவிட்டேன். பிழை பிழைதான். அந்த வரம்பு சரியாக இருந்திருந்தால் மாமாவின் சொல் மிஞ்சியிருக்கும், ஐம்பத்திரண்டு மிஞ்சியிருக்காது. இதை எந்தக் கணக்கில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சேருக்குக் கோல் எடுத்தேன். எரிக்க மாட்டேன் என்றேன். "நிலையத்து நிலத்துல இனி இது வேணாம்" என்றார். "சொந்தமா செய்யிறதெண்டா ஒரு மூட்டைய வெச்சிக்கொள்ளும். மத்ததுகள எரியும்."

ஜூலை 20, ஞாயிறு

அந்த ஒரு மூட்டையை விதைக்க மாமியிடம் காணி கேட்டேன்: வாடிக்கு அந்தப் பக்கம் கிணற்றோடு இருக்கும் மேட்டுக்காணி.

"அது அப்னாட சீதனக் காணி மகன். என்னட்ட என்னத்துக்குக் கேக்கிறீங்க?"

அப்னாவிடம் கேட்டேன். கச்சான் கடலை போடுவதற்காக அவள் வைத்திருந்த காணி. "ஒரு போகம்," என்றாள். "அதுக்குப் பிறகு கச்சான்." பிறகு, "ஆக்களுக்கு என்ன செய்வீங்க?"

அவள் யாரைச் சொல்கிறாள் என்று தெரியும்.

ஜூலை 27, ஞாயிறு

ஆலையடிவேம்புக்குப் போனேன். செல்லத்தங்கம் அக்கா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை.

"மாடு இஞ்ச இல்ல தம்பி. மேய்ச்சலுக்குப் போயிரிக்கி."

"அக்கா, அண்டைக்கு நான் கதைச்சது பிழை."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மூட்டை கலப்பென்பதையும், கலக்க விட்டது நான் என்பதையும் சேர்த்து. மிளகாயைக் கிண்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் நிமிர்ந்தார்.

"அப்ப நாங்க அண்டைக்குப் புடுங்கினது சரியா, பிழையா?"

"பழசப் புடுங்கினது பிழை. புதுசுல புடுங்கினது…"

"சரி?"

"அதுவும் இப்ப பிழையாப் போச்சு."

சிரித்துவிட்டார். "உங்களோட வேல செஞ்சா ஒரு நாளும் ஒண்டும் சரியா வராது மனே." உள்ளே மகளைப் பார்த்து, "யசோ, தம்பிக்குத் தேத்தண்ணி ஊத்து. சீனி குறைச்சி. மனிசன் கத்துற ஆளு, பிரஷர் இரிக்கும்" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விதைத்தோம். பதினேழு மூட்டையை நேற்று எரித்தேன். மாமா பார்க்க வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

சங்கத்தில் பாதிப் பேருக்குச் சோளன் விதை கிடைத்துவிட்டதாம். மற்றவர்கள் கச்சான் போடுகிறார்கள். மாமி சொன்னார். மாமா என்னோடு தேவைக்கு மட்டும் கதைக்கிறார். "பருத்தி மருமகன்" என்று இப்போது யாரும் சொல்வதில்லை. மேசன் வேலையா, கொழும்பா, கட்டாரா, அடுத்து என்ன யோசனை என்று பள்ளிவாசலில் ஒருவர் கேட்டார்.

செப்டெம்பர் 13, சனி

இன்று பிடுங்கினோம்.

"குட்டை எல்லாத்தையும் எடுங்க. நெட்டைய விடுங்க. சந்தேகமெண்டா இலைக்கு அடியில தடவிப் பாருங்க. சுணை இரிந்தா விடுங்க" என்றேன்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செல்லத்தங்கம் அக்கா குனிந்தார், ஒரு செடியைப் பிடித்தார், நிமிர்ந்தார்.

"ஒம்பதப் புடுங்கி ஒண்ட வைக்கிறதா? நல்லத எடுத்துப்போட்டுக் கலப்ப வைக்கிறதா? உங்களுக்கு விசரா தம்பி? என்ட கைக்கு இது வராது."

உண்மையிலேயே வரவில்லை. கை தன்பாட்டில் நெட்டைக்கே போனது. இரண்டு போய்விட்டன. மூன்றாவது முறை "அக்கா!" என்று கத்திவிட்டேன். உடனே வாயை மூடிக்கொண்டேன். அவர் தன் கையைத் தானே ஒரு அடி அடித்தார். "பழகின நாய்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

நானும் ஒரு வரிசையில் இறங்கினேன். நான் பெருக்கிய புதுசு. அடக்கமான செடி, அழகான மட்டம், பிழையே சொல்ல முடியாத உயரம். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். என் நியமனத்தை நானே பிடுங்குவது மாதிரி இருந்தது. எழுபது வருடமாக இதைத்தான் செய்திருப்பார்கள் இல்லையா, எதிர்ப்பக்கமாக? யாரோ ஒரு ஒபிஸர் சொல்ல, யாரோ பெண்கள் குனிந்து, சுணை உள்ளதை எல்லாம். அவர்களுக்கும் அது அன்றைக்குச் சரியாகத்தான் பட்டிருக்கும்.

மத்தியானம் சைக்கிள் சத்தம். மாமா. வரம்பில் நின்று பார்த்தார். காணி அலங்கோலமாகக் கிடந்தது. அங்கொன்று இங்கொன்றாக நெட்டைச் செடிகள், நடுவே குழி குழியாக.

"இதுதான் பயிரா?"

"ஓம் மாமா."

சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதல் செடிக்கு முன்னால் நின்று, பிடுங்காமல், இலையைப் புரட்டிப் பெருவிரலால் தடவினார். பிறகு அடுத்த செடிக்குப் போனார்.

ஒக்டோபர் 2, வியாழன்

தத்தி வந்திருக்கிறது. காணி ஓரத்தில் பார்ப்பதற்காக விட்டுவைத்த நாலு புதுசுச் செடியில் இலை ஓரம் சுருண்டுவிட்டது. சுணை இலைகளில் அங்கங்கே ஒரு மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான். மருந்து அடிக்கவில்லை.

பூக்கத் தொடங்கிவிட்டது. தேனீ புகாமல் இருக்க, அடுத்த நாள் விரியப்போகிற மொட்டின் நுனியை முதல் நாளே நூலால் கட்ட வேண்டும். கட்டினால் உள்ளேயே தன் மகரந்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். நூலுக்கு என்ன செய்வது என்று நேற்று வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று மாமா மருதமுனைக்குப் போய், தறியில் மிஞ்சிய நூலில் ஒரு பை வாங்கி வந்தார். நீலமும் சிவப்பும். பைக்கின் ஹேண்டிலில் மாட்டிவிட்டுப் போனார்.

அப்னா படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்து இரண்டு வரிசை கட்டினாள். செல்லத்தங்கம் அக்கா மூன்று முடிச்சுப் போடுகிறார். ஒன்று போதும் என்றால் கேட்பதில்லை. "தாலிக்கு ஒரு முடிச்சுப் போட்டா நிக்குமா மனே? எங்கட முறைக்குக் கட்டினாத்தான் புள்ள ஒழுங்காப் பிறக்கும்."

பின்னேரம் மாமா மறுபடி வந்தார். பெயர்த்தடி ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தேன்.

"என்ன பேரு வைக்கிற இதுக்கு?"

ஐம்பத்திரண்டு என்று வைக்க முடியாது, பாதிதான் அது. புதுசு என்றும் வைக்க முடியாது. "கலப்பு எண்டு எழுதுவமா மாமா?" என்றேன்.

அடுத்த வரிசையிலிருந்து செல்லத்தங்கம் அக்காவின் குரல் வந்தது: "அப்பிடி எழுதி வெச்சா எங்கட ஆக்கள் புடுங்கிருவாளுகள், சொல்லிட்டன்!"

மாமா சிரித்தார். ஜூலைக்குப் பிறகு இன்றுதான்.

தடியில் "பிடுங்க வேண்டாம்" என்று எழுதி நட்டேன். இப்போதைக்கு இந்த இனத்தின் பெயர் அதுதான்.